நஞ்சில்லா உணவு யாருடைய குழந்தைகளுக்கு?

2022ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றனர். காரணம் தேடியபோதுதான், தலித் குடியிருப்புக்கு நீர் வழங்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. அதே ஆண்டுகளில் நம் நகரங்களில் ‘நஞ்சில்லா உணவு’ என்னும் முழக்கம் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. இயற்கை அங்காடிகள் பெருகின. மரபு நெல் திருவிழாக்களில் கூட்டம் நிரம்பியது. தம் குழந்தைக்கு நஞ்சில்லாத ஒரு பிடி சோறு கொடுக்க வேண்டும் என்று இளம் பெற்றோர் ஏங்கினர். அந்த ஏக்கத்தில் பிழையில்லை. ஆனால் வேங்கைவயல் தாய்மார்களின் ஏக்கமும் அதுவேதான் என்பதை அந்த மேடைகள் எதுவும் நினைவுகூரவில்லை. இவ்விரு ஏக்கங்களும் ஏன் ஒரே அரசியலாக இணையவில்லை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கூலியும் விலையும்

முதலில் கணக்கைப் பார்ப்போம். இயற்கை அங்காடிகளில் மரபு நெல் அரிசி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்பது இன்று சாதாரணம். இரு குழந்தைகள் உள்ள ஒரு குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி வேண்டும் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், அரிசிக்கு மட்டும் இரண்டாயிரம் ரூபாய் ஆகும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அதாவது, ஏறத்தாழ ஆறு நாள் உழைப்பு வெறும் சோற்றுக்கே போய்விடும். பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், முட்டை ஆகியவை இதில் சேரவில்லை. நாட்டுக்கோழி முட்டை ஒன்றின் விலைக்குப் பண்ணை முட்டை இரண்டுக்கு மேல் வாங்கலாம்.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது நியாயவிலைக் கடை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டின் அரிசி அட்டைகளுக்கு விலையின்றி அரிசி வழங்கப்படுகிறது. இந்த அரிசிதான் கூலிக் குடும்பங்களின் பட்டினியை ஒழித்தது. ‘ரேஷன் அரிசியைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்’ என்று பேசுவோர், அதற்கு ஈடாக எதைக் கொடுப்பது என்பதைச் சொல்லுவதில்லை.

இயற்கை விளைபொருளின் விலை உயர்ந்திருப்பதற்குப் பேராசை மட்டும் காரணமன்று. களையெடுக்கக் கூடுதல் ஆள் தேவை. சிறு அளவில் விளைவதைத் தனியே சேகரித்து, தனியே அரைத்து, தனியே அனுப்ப வேண்டும். இரசாயனத்தை நிறுத்திய பின் ஆண்டுப் பயிர்களுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் மாறுகாலம் கடந்தால்தான் நிலத்துக்கு முழுச் சான்று கிடைக்கும். அந்த இடைக்காலத்தில் விளைச்சல் குறையலாம். கூடுதல் விலையும் கிடைக்காது. இந்த இழப்பைத் தாங்குபவர் யார்? சொந்த நிலமும் கைச்சேமிப்பும் உள்ளவர்.

சான்று பெற நில ஆவணங்கள் வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் அரை ஏக்கர் பயிரிடும் தலித் குடும்பத்திடம் அந்நிலத்தின் பட்டா இராது. அடுத்த ஆண்டும் அதே நிலம் கிடைக்கும் என்ற உறுதியும் இராது. உரம் வாங்கப் பணமில்லாமல் ஆட்டுப்புழுக்கையும் குப்பையும் இட்டு அவர்கள் விளைவிக்கும் கத்தரிக்காய் உண்மையில் நஞ்சில்லாததாக இருந்தாலும், முத்திரை இல்லாததால் அது சந்தையில் சாதாரணக் கத்தரிக்காய்தான். ஆக, முத்திரை மண்ணின் நலத்தைப் பார்ப்பதற்கு முன்னரே நில உடைமையைப் பார்த்துவிடுகிறது.

பொற்காலம் என்னும் கதை

இயற்கை வேளாண்மை மேடைகளில் திரும்பத் திரும்ப ஒரு கதை சொல்லப்படுகிறது: பசுமைப் புரட்சிக்கு முன்னர் நம் முன்னோர் நஞ்சில்லா உணவை உண்டு நலமாக வாழ்ந்தனர் என்பதே அது. எந்த முன்னோர் என்று கேட்டால் கதை தடுமாறும்.

கீழத் தஞ்சையின் நிலங்களில் யூரியா விழாத காலமே, பண்ணையாள்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக விதிக்கப்பட்ட காலம். எந்தச் சாணம் இன்று மண்ணுக்கு அமுதம் என்று போற்றப்படுகிறதோ, அதே சாணத்தைக் கரைத்து மனிதரின் வாயில் ஊற்றிய மண் அது. தொழுவத்தைக் கூட்டியவரும், எருவைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்தவரும், நாற்றங்காலில் மிதித்தவரும் சேரி மக்களே. விளைந்த நெல்லின் மேல் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. கூலியாக அரைப்படி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் தீயில் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

இதனால் இரசாயன வேளாண்மை தலித்துகளை விடுவித்தது என்று பொருள் கொள்ளக் கூடாது. பூச்சிக்கொல்லியின் முதல் பலி உண்பவர் அல்லர், தெளிப்பவரே. 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த 20க்கும் மேற்பட்டோர் நச்சேறி இறந்தனர். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டம் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்ததே காரணம். ஏழைக் குழந்தைகளின் தட்டுக்கு நஞ்சு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

குழந்தைகள் தம் உடல் எடைக்கு ஒப்ப, பெரியவர்களைவிடக் கூடுதலாக உண்கின்றனர், கூடுதலாகக் குடிக்கின்றனர். அவர்களின் மூளையும் நரம்பும் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவை. மருந்தடித்த சட்டையுடன் தந்தை வீடு திரும்பி மகளைத் தூக்கும்போது, நச்சு உணவைக் கடக்காமலேயே குழந்தையின் தோலைத் தொட்டுவிடுகிறது. ஆகவே நஞ்சில்லா வேளாண்மை தலித் மக்களுக்கு வேண்டாத ஆடம்பரம் என்று ஒதுக்குவது தவறு. அது எவரைவிடவும் முதன்மையாக அவர்களுக்கே தேவைப்படுகிறது.

வரப்பில் இழந்தவை

கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் மாலையில் வெறுங்கையுடன் வீடு திரும்பியதில்லை. மடியில் குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை இருக்கும். வாய்க்காலில் கெளுத்தியும் அயிரையும் கிடைக்கும். வயலில் நண்டும் நத்தையும், அறுவடை முடிந்த நிலத்தில் எலியும் கிடைக்கும். பணம் புழங்காத இந்த உணவுதான் சேரிக் குழந்தைகளுக்குப் புரதமும் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கொடுத்தது. உடன் உண்டது ஊரின் ஏளனம்.

களைக்கொல்லி வந்ததும் வரப்புக் கீரை கருகியது. பூச்சிக்கொல்லி கலந்த வாய்க்காலில் மீன் குறைந்தது. களைபறிக்கும் பெண்களின் வேலைநாளும் போயிற்று. ஒரே தெளிப்பில் கூலியும் குழம்பும் சேர்ந்து பறிபோயின. அன்று இழிவென்று ஒதுக்கப்பட்ட கம்பும் கேழ்வரகும் இன்று ‘சிறுதானியம்’ என்ற பெயரில் அழகிய உறைகளில் அடைக்கப்பட்டு, அவற்றை விளைவித்து உண்டவர்களின் கைக்கு எட்டாத விலையில் திரும்பி வந்திருக்கின்றன.

இதோடு தூய்மைவாதமும் சேர்ந்துகொள்கிறது. இயற்கை உணவு என்றாலே சைவ உணவு, சைவம் என்றாலே சாத்வீகம் என்று மெல்ல மெல்லப் பொருள் திரிக்கப்படுகிறது. வட கர்நாடக மாவட்டங்களில் 2021இல் பள்ளிக் குழந்தைகளுக்கு முட்டை வழங்கத் தொடங்கியபோது மடங்கள் சில எதிர்த்தன. தமிழ்நாட்டில் முட்டைக்கு எதிர்ப்பில்லை. ஆனால் சமைக்கும் கைக்கு எதிர்ப்புண்டு. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையத்தில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணை ஆதிக்கச் சாதியினர் தடுத்ததை நாம் மறக்கவில்லை. இரசாயனம் கலவாத உணவு என்பதும் ‘தீட்டு’ படாத உணவு என்பதும் ஒரே சொல்லாகிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. தூய உணவு என்ற சொல்லை நாம் கவனத்துடன் கையாள வேண்டியது அதனால்தான்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். முந்தைய ஆய்வில் இது 50.7 ஆக இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கின்றனர். இந்தக் குழந்தைகளுக்கு முட்டையும் மீனும் ஈரலும் மாட்டிறைச்சியும் கீரையும் உயிர்த் தேவை. இயற்கை முறையில் விளைந்தவற்றில் பூச்சிக்கொல்லி எச்சம் குறைவு என்பது உண்மை. ஆனால் ஊட்டச்சத்தின் அளவில் பெரிய வேறுபாடு நிறுவப்படவில்லை. எனவே, இயற்கை முட்டை வாங்க இயலவில்லை என்று முட்டையையே நிறுத்துவது குழந்தைக்கு இழைக்கும் தீங்கு.

நிலம் இல்லாமல் நலம் இல்லை

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர் அளித்த அறிக்கையின் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆங்கிலேய அரசு முடிவு செய்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைக்கும் அந்நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலம் இன்று எவர் கையில் இருக்கிறது என்பதை நாடறியும். அதை மீட்கும் போராட்டத்தில் 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 16.6 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் பயிரிடும் நிலப்பரப்போ ஏறத்தாழ 9 விழுக்காடுதான்.

நிலமும் கூட்டும் கைவந்தால் என்ன நிகழும் என்பதற்குத் தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதி சான்று. அங்கே தக்காண வளர்ச்சிக் கழகத்துடன் இணைந்த தலித் பெண்களின் சங்கங்கள் தரிசாகக் கிடந்த நிலங்களைத் திருத்தி, இரசாயனமின்றிச் சோளமும் கம்பும் துவரையும் விளைவித்தன. 1990களில் அவ்விளைச்சலைச் சேமித்து, ஊரின் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் சோளம் வழங்கும் மாற்றுப் பொது விநியோக முறையை அவர்களே நடத்தினர். யாருக்கு முதலில் கொடுப்பது என்பதையும் ஊர்க்கூட்டத்தில் அவர்களே முடிவு செய்தனர். நஞ்சில்லாத உணவு அங்கே மலிவாகக் கிடைத்தது, விளைவித்தவரே உண்டனர். கேரளத்தில் குடும்பஸ்ரீ அமைப்பின் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குத்தகை நிலத்தில் பயிரிடுவதும் இந்த வழியில் ஓர் அடிதான்.

தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் இயற்கை வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டில், நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் வேளாண் நிலம் வாங்க 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தரும் ‘நன்னிலம்’ திட்டத்தைத் தாட்கோ வழியாகத் தொடங்கியது. முன்னது வேளாண்மைத் துறையின் கோப்பிலும் பின்னது ஆதிதிராவிடர் நலத்துறையின் கோப்பிலும் தனித்தனியே கிடக்கின்றன. நிலம் பெற்ற பெண்ணுக்கு மாறுகால இழப்பீடும், சான்றுச் செலவும், உறுதியான கொள்முதலும் சேர்ந்து கிடைத்தால்தான் இரண்டும் பொருள் பெறும்.

இன்று செய்யத்தக்கவை

கொள்கை மாறும் வரை குழந்தைகள் பசியோடு காத்திருக்க முடியாது. குடும்பங்கள் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. முத்திரை பதித்த உறையைத் தேடுவதைவிட விளைவிப்பவரைத் தேடுவது மலிவு. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உற்பத்தியாளர், நுகர்வோருக்கு நேரடியாக விற்கும்போது சான்று கட்டாயமில்லை என்கின்றன உணவுப் பாதுகாப்பு விதிகள். உழவர் சந்தையிலோ ஊர்ச் சந்தையிலோ அத்தகையவரை அறிந்து, பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் இடைத்தரகு குறையும். எல்லாவற்றையும் மாற்ற இயலாதபோது, குழந்தை நாள்தோறும் உண்ணும் ஓரிரு பொருள்களில் தொடங்கலாம். காய்களை ஓடும் நீரில் கழுவுவதும் தோல் சீவுவதும் எச்சத்தை ஓரளவு குறைக்கும், முழுவதும் நீக்கா. கொல்லையில் ஒரு முருங்கை நட இடமிருந்தால் அதைவிட மலிவான சத்துணவு வேறில்லை. ஆனால் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடிக்குள் அடைக்கப்பட்ட குடும்பங்களிடம் ‘மாடித்தோட்டம் போடுங்கள்’ என்று சொல்வது கேலியாகவே முடியும். அவர்களுக்குக் கொல்லையுமில்லை, மாடியும் சொந்தமில்லை.

அதனால்தான் கோரிக்கை தனிக் குடும்பத்தின் சமையலறையைத் தாண்டியாக வேண்டும். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும், 1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டமும் இலட்சக்கணக்கான குழந்தைகளுக்கு அன்றாடம் உணவளிக்கின்றன. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2023 முதல் கேழ்வரகு வழங்கப்படுகிறது. இந்த அடுப்புகளுக்கும் கடைகளுக்கும் வேண்டிய கீரை, காய், சிறுதானியம், முட்டை ஆகியவற்றில் ஒரு பங்கையேனும் தலித் பெண்களின் கூட்டுப் பண்ணைகளிடமிருந்து நஞ்சில்லாமல் கொள்முதல் செய்ய வேண்டும் என்பது நடைமுறைக்கு எட்டாத கனவன்று. அவ்வாறு செய்தால் உழைப்பவருக்கு விலையும், உண்ணும் குழந்தைக்கு நலமும் ஒரே வழியில் கிடைக்கும். அங்காடியில் நூறு ரூபாய் கொடுக்க இயலாத வீட்டின் குழந்தையும் அந்தத் தட்டில் பங்கு பெறும்.

இயற்கை வேளாண் இயக்கத்தினரிடம் நாம் கேட்பதும் அதிகமில்லை. விதையைப் பற்றிப் பேசும் மேடையில் நில உரிமையைப் பற்றியும் பேசுங்கள்; மண்புழுவைக் கணக்கிடும்போது களைபறித்த பெண்ணின் கூலியையும் கணக்கிடுங்கள். பஞ்சமி நில மீட்பைக் கோரும் நம் இயக்கங்களும், மீட்கும் நிலத்தில் எதை, எப்படி விளைவிக்கப் போகிறோம், அது யார் வீட்டு உலைக்குப் போய்ச் சேரும் என்பதை இப்போதே விவாதிக்கத் தொடங்க வேண்டும். 1927இல் மகாடு குளத்தில் அண்ணல் அம்பேத்கர் அள்ளிக் குடித்தது ஒரு கை நீர். பொதுவான நீருக்காக எழுந்த அந்தப் போராட்டம், நஞ்சற்ற நீருக்கும் நஞ்சற்ற சோற்றுக்குமான போராட்டமாக நம் காலத்தில் தொடர்ந்தே ஆக வேண்டும்.