எந்த இரவு எந்த உயரத்தில்?

மதிப்பிற்குரிய சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சர் அவர்களுக்கும், சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், மலாக்கா மாநில முதலமைச்சர் அவர்களுக்கும்:

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து ஆலய அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் மலை யாத்திரை நோட்டீசு ஒன்று தொங்குகிறது. ஜாசின், பெம்பான், அலோர் காஜா, மஸ்ஜித் தானா என்று எங்கள் மாநிலத்தில் பல இடங்களில் இதைப் பார்க்கிறேன். கயிலாயம், கேதாரம், பத்ரி, முக்திநாத். 2026 திபெத்திய நாட்காட்டியில் குதிரை ஆண்டு. 2014க்குப் பிறகு இப்போதுதான் அது திரும்பி வருகிறது. அந்த ஆண்டில் கயிலையை ஒருமுறை வலம் வந்தாலே பன்மடங்கு புண்ணியம் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. கூட்டம் கூடத்தான் செய்யும். இந்த யாத்திரைகளைத் தடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. போகிறவர்கள் உயிரோடு வீடு திரும்புவதற்கு வேண்டிய சட்டம் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது, அதை எடுத்துப் பயன்படுத்துங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

போகிறவர்களில் பலர் அறுபதைத் தொட்டவர்கள். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள், தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள். இ.பி.எஃப். பணத்தில் ஒரு பங்கு, கூட்டு கட்டிச் சேர்த்தது கொஞ்சம், மகள் கொடுத்தது கொஞ்சம் என்று திரட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். திருக்கேதாரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். பத்ரியும் முக்திநாத்தும் ஆழ்வார்கள் மங்களாசாசனம் செய்த திவ்ய தேசங்கள். தேவாரம் ஓதும் வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த ஊர்கள் அந்நியமல்ல. கண்ணை மூடுவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற அந்த ஆசையின் முன் நான் தலைவணங்குகிறேன். எனக்கும் அதே ஆசை உண்டு.

ஆனால் நாங்கள் கடலோரத் தாழ்நிலத்துச் சனங்கள். மாசி மகத்துக்கு நாங்கள் கூடும் செங் சன்னாசிமலை ஒரு குன்று. ஜாசின் பக்கம் நின்றால் தெரிகிற குனோங் லேடாங்கே 1,276 மீட்டர்தான். கேதார்நாத் 3,583 மீட்டர். மானசரோவர் ஏரிக்கரை ஏறத்தாழ 4,590 மீட்டர். கயிலை வலத்தில் கடக்க வேண்டிய டோல்மா கணவாய் ஏறத்தாழ 5,630 மீட்டர். அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, மலாக்காவில் கிடைப்பதில் பாதிதான்.

எங்கள் ஆலயத்துத் திருவிளக்கு பூசைக்குத் தவறாமல் வரும் ஓர் அக்கா, ஒரு பிளாஸ்டிக் பையோடு என்னிடம் வந்தார். உள்ளே மெட்ஃபார்மின், அம்லோடிபின், ஆஸ்பிரின் அட்டைகள். இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் அவருக்குப் பல வருடமாக உண்டு. "தம்பி, மலையில எத எப்பப் போடணும்னு நோட்டீசுல இருக்கா பாரு" என்றார். நோட்டீசை விரித்தேன். சைவ உணவு, தமிழ் பேசும் வழிகாட்டி, ஹோம பூசை, விமான நிலைய வரவேற்பு எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. எந்த இரவு எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம் என்று ஓரிடத்திலும் இல்லை. கைப்பேசியில் தேடி, ஒவ்வொரு நாளின் பக்கத்திலும் பேனாவால் உயரத்தை எழுதினேன். காட்மாண்டு 1,400. எல்லை தாண்டிக் கேருங் ஏறத்தாழ 2,800. அடுத்து சாகா ஏறத்தாழ 4,500. கேருங்கிலிருந்து சாகாவுக்கு ஒரே பகல் பஸ் பயணம், 1,500 மீட்டருக்கு மேல் ஏற்றம்.

மலை மருத்துவம் சொல்வது வேறு. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, ஓர் இரவு படுத்த இடத்துக்கும் மறுநாள் இரவு படுக்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் ஏற்றம் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் முதலில் தலைவலி, குமட்டல். அதையும் மீறி ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூளை வீங்கும், நடை தள்ளாடும். உடனே கீழே இறக்குவதுதான் அதற்கு முதல் மருந்து. பத்துமலையின் 272 படியை வாரந்தோறும் ஏறிப் பழகியிருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். காலுக்கும் நெஞ்சுக்கும் அது நல்லது, நிச்சயம் செய்யட்டும். ஆனால் உயரத்தைத் தாங்கும் பழக்கம் உயரத்தில் தங்கினால்தான் வரும். கேதாரத்துக்கு ஹெலிகாப்டரில் போனால் பிரச்சினை இல்லை என்கிறார்கள். குப்தகாசி பக்கத்திலிருந்து சில நிமிடங்களில் 2,000 மீட்டர் அளவுக்கு மேலே தூக்கிக்கொண்டு போய் இறக்கினால் உடம்பு எப்போது பழகும்?

அக்கா அந்தப் பேனா எழுத்தோடு அரசாங்க கிளினிக்குக்குப் போனார். டாக்டர், போக வேண்டாம் என்றார். யாத்திரை நடத்துபவரோ முன்பணம் திரும்பாது என்றார். உரிமம் உள்ள நிறுவனமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ரசீது என்று காட்ட ஒரு வாட்ஸாப் செய்திதான் இருந்தது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை வழக்காடலாம் என்று சொன்னேன். "சாமி காரியத்துக்குப் போய் வழக்கா" என்று எழுந்து போய்விட்டார்.

இந்த மலைகளில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2013 ஜூனில் கேதார வெள்ளம் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. 2018 ஜூலையில் மழையும் மூட்டமும் விமானங்களை நிறுத்தியபோது, கயிலை சென்ற இந்திய யாத்ரீகர்கள் 1,500க்கும் மேற்பட்டோர் நேபாளத்தின் சிமிகோட், ஹில்சா பகுதிகளில் சிக்கிக்கொண்டார்கள். 2022இல் உத்தராகண்ட் நான்கு தல யாத்திரையில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் மாரடைப்பாலும் உயரம் தந்த உபாதைகளாலும். 2025 ஜூலை 8 அன்று, நேபாளத்தையும் சீனாவையும் இணைக்கும் ரசுவாகடிப் பாலம் வெள்ளத்தில் போனது. கேருங் வழிக்கு அதுதான் வாசல்.

இந்திய அரசு நடத்தும் கயிலை யாத்திரையில் இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் மட்டுமே சேரலாம், அது நமக்கில்லை. ஆனால் அதன் ஒழுங்கைப் பாருங்கள். வயது 18 முதல் 70 வரை. உடல் எடைக் குறியீடு 25க்குள். டெல்லியில் ஒரு மருத்துவச் சோதனை, லிபுலேக் கணவாய் வழியில் போகிறவர்களுக்கு மலையில் குஞ்சி முகாமில் இன்னொன்று. தேறாதவரை அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருப்பி அனுப்பப்படுவது அவமானம் என்று எங்கள் பெரியவர்கள் நினைக்கிறார்கள், அந்த நினைப்புதான் தலைவலியை மறைக்க வைக்கிறது. கயிலைக்கு நடந்து, கால் தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, அதற்கும் மேல் முடியாமல் போன அப்பரடிகளைத் திருவையாற்றுக்குத் திருப்பிவிட்டு அங்கே கயிலைக் காட்சி கொடுத்தவன் அந்த இறைவன்தான். இதை ஒவ்வொரு ஆலயத்திலும் யாத்திரைக்கு முன் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்கு வழி இருக்கிறது. சபாவில் 4,095 மீட்டர் கினாபாலு ஏறுவதற்கு அனுமதிச் சீட்டு, காப்புறுதி, மலை வழிகாட்டி மூன்றும் கட்டாயம். ஹஜ் செல்லும் முஸ்லிம் சகோதரர்களுக்கு, 1963இல் சேமிப்புக் கழகமாகத் தொடங்கிய தாபோங் ஹாஜி மருத்துவச் சோதனைக்கும் பயிற்சி வகுப்புக்கும் ஏற்பாடு செய்கிறது, மருத்துவக் குழுவையும் கூட அனுப்புகிறது. உம்ரா நடத்தும் நிறுவனங்களுக்குச் சுற்றுலா அமைச்சு தனி உரிமமே வைத்திருக்கிறது. ஒரு யாத்ரீகரை எப்படிப் பாதுகாப்பது என்று மலேசிய அரசுக்கு மற்ற பல அரசுகளைவிட நன்றாகத் தெரியும். எங்களுக்கு மானியம் வேண்டாம். அந்த அனுபவத்தில் ஒரு பங்கைக் கொடுங்கள்.

1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி வெளிநாட்டுச் சுற்றுலா நடத்த உரிமம் வேண்டும். அந்த உரிமத்தோடு, 3,000 மீட்டருக்கு மேல் அழைத்துப் போகும் பயணங்களுக்கு என்று சில நிபந்தனைகளைச் சேருங்கள். ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் உயரம் நோட்டீசிலேயே அச்சாக வேண்டும். என் பார்வையில் இது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும், ஏனென்றால் உயரத்தை எழுதும்போதே அவசரப் பயணத் திட்டத்தின் குறை வெளியே தெரிந்துவிடும். டாக்டர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் யாரையும் ஏற்றக்கூடாது. டாக்டர் மறுத்தால் முன்பணம் திரும்ப வேண்டும். காப்புறுதி அந்த உயரத்துக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் செல்லுபடியாக வேண்டும். பல பயணக் காப்புறுதிகள் ஓர் உயரத்துக்கு மேல் கைகழுவிவிடுகின்றன, அது சிறிய எழுத்தில் இருப்பதால் எங்கள் ஆட்கள் கண்ணில் படுவதில்லை. புறப்படும் முன் குழுவில் உள்ள அனைவரும் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் இ-கொன்சுலாரில் பதிவு செய்ய வேண்டும். உரிமமே இல்லாமல் வாட்ஸாப்பில் ஆள் சேர்ப்பவர்கள் மீது நடவடிக்கை வேண்டும், அவர்கள் காவி கட்டியிருந்தாலும் சரி.

சுகாதார அமைச்சரிடம் ஒரு தனி வேண்டுகோள். 2019 தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, 2023இல் 15.6 விழுக்காடு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் இது மிக அதிகம். ஆகவே அரசாங்க கிளினிக்குகளில் மலை யாத்திரைக்கென்று ஒரு பரிசோதனைப் படிவம் இருக்கட்டும். உயர உபாதைக்குத் தரப்படும் டயமாக்ஸ் மாத்திரையை யார் போடலாம், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர் ஏன் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்பதையெல்லாம் விளக்கும் தமிழ்த் துண்டறிக்கை ஒன்றும் வேண்டும். முதலமைச்சர் அவர்கள் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் ஆலயங்களோடு சேர்ந்து ஆண்டுக்கு ஒரு முகாம் நடத்தினால், தோட்டத்துப் பாட்டிகள் பஸ் ஏறி மலாக்கா நகரம் வரை அலைய வேண்டியதில்லை.

கேதார்நாத் நடை அட்சய திருதியையை ஒட்டித் திறக்கும். கயிலைப் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. எங்கள் ஊர்களில் முன்பணம் தைப்பூசத்துக்குள் கட்டி முடிந்துவிடும். உங்கள் சுற்றறிக்கை அதற்கு முன்னால் வந்து சேர வேண்டும். அதற்குப் பிறகு வந்தால், இந்த முறை பணம் கட்டியவர்களுக்கு அது உதவாது.

இங்ஙனம்,
ஜாசின் வட்டார ஆலயத் தொண்டர் ஒருவர்