நாலு பேர் கூடினால் ஒரு பேண்ட்



"ராக் பேண்ட்" என்றதுமே நம் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. நீண்ட தலைமுடி, காதைப் பிளக்கும் ஓசை, படிப்புக்கு முழுக்கு என்றுதான் அவர்கள் எண்ணம் ஓடும். பிள்ளைகளோ, "நல்ல கிட்டார் வாங்கவே வசதியில்லை, நமக்கெங்கே பேண்ட்?" என்று ஏங்குவார்கள். இரு தரப்பாருக்கும் நாம் சொல்வது ஒன்றுதான்: பேண்டுக்கு முதல் தேவை ஆட்கள். வாத்தியம் பின்னால் வந்து சேரும்.

1956-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஜான் லென்னன் என்ற பள்ளி மாணவர் நண்பர்களைக் கூட்டி, 'குவாரிமென்' என்ற குழுவைத் தொடங்கினார். அதில் ஒரு வாத்தியம் என்ன தெரியுமா? காலித் தேயிலைப் பெட்டி! அதில் ஒரு கோலை நிறுத்தி, கயிறு கட்டி, சுண்டிச் சுண்டியே அடிநாதம் எழுப்பினார்கள். துணி துவைக்கும் நெளிதகரத்தை உரசித் தாளம் போட்டார்கள். எந்தத் தோட்டத்துத் தொழிலாளியின் உழைப்போ அங்கே வாத்தியமாகி ஒலித்தது! 1957 ஜூலை 6-ஆம் நாள் ஒரு தேவாலய விழாவில் பால் மெக்கார்ட்னி லென்னனைச் சந்தித்தார். உலகமே கொண்டாடிய 'பீட்டில்ஸ்' அந்தக் குழுவிலிருந்து வளர்ந்ததுதான்.

"அது வெள்ளைக்காரன் கதை" என்கிறீர்களா? நம் பினாங்குக்கு வாருங்கள். 1960-களின் இறுதியில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற சகோதரர்கள் தொடங்கிய குழுதான் 'அலிகேட்ஸ்'. ஹாங்காங் விடுதிகளில் இரவு இரவாக வாசித்துக் கைதேர்ந்தார்கள். பின்னர் எம். நாசிர் போன்றவர்கள் இசையமைத்த மலாய்ப் பாடல்களைப் பாடி நாடெங்கும் புகழ் பெற்றார்கள். லோகநாதன் 2007-இல் காலமானார். தமிழ் வீட்டுப் பிள்ளைகளின் குரல் இனபேதமின்றி எல்லார் வீட்டு வானொலியிலும் ஒலித்ததே, அது சின்ன விஷயமா?

சரி, தம்பி தங்கைகளே, எப்படித் தொடங்குவது?

நாலு பேர் போதும். ட்ரம்ஸுக்கு ஒருவர், பேஸ் கிட்டாருக்கு ஒருவர், கிட்டாருக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர். உறுமியும் தப்பும் அடிக்கத் தெரிந்த பையன் உங்கள் லயத்தில் இருப்பானே, தாளம் அவன் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அவனை ட்ரம்ஸில் உட்கார வையுங்கள். ட்ரம்ஸ் இல்லாவிட்டால் தடித்த ரப்பர் துண்டின்மேல் குச்சியால் அடித்துப் பழகட்டும். அக்கம்பக்கத்தாரும் ஏசமாட்டார்கள்.

கிட்டாரில் ஆறு தந்திகள். தடித்ததிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி சேர்க்க வேண்டும். கைப்பேசியே சுருதி காட்டும். ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகள் விரலில் படிந்துவிட்டால் எத்தனையோ பாடல்களை வாசிக்கலாம். நாலு தந்தியுள்ள பேஸ் கிட்டார், காலால் மிதிக்கும் பெரிய ட்ரம்மோடு ஒட்டி நடக்க வேண்டும். வீட்டின் அஸ்திவாரம் மாதிரி அது.

முதலில் மூன்றே பாடல்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம். வராதவனுக்குச் சாக்குப்போக்கு இல்லை! மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் ஸ்டூடியோவுக்கு ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி போட்டுப் போகலாம். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாசித்ததைப் பதிவு செய்து கேளுங்கள். பிறகு காதில் 'ஙொய்' என்று இரைந்தால் சத்தம் அதிகம் என்று பொருள், குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் கிள்ளான் பள்ளத்தாக்கின் நெருக்கடியான குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் எத்தனை! அத்தகைய குடியிருப்புகள் நிறைந்த கம்போங் மேடானில், 2001 மார்ச்சில் மூண்ட இனக் கலவரத்தில் 6 உயிர்கள் போயின. அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் வாழ்ந்ததற்கு நாம் கொடுத்த விலையை மறக்கலாகாது.

நம் மலாய் அண்டைவீட்டாருக்கும் இந்த இசை புதிதல்ல. 1960-களிலேயே கிட்டார் குழுவைக் 'குகிரான்' என்று அவர்கள் அழைத்தார்கள். கீழ் மாடியில் உறுமி அடிப்பவனும் மேல் மாடியில் கிட்டார் மீட்டும் மலாய்ப் பையனும் ஒரு பாட்டை ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்க வேண்டுமானால், ஒருவன் வாசிப்பதை மற்றவன் காது கொடுத்துக் கேட்டே ஆகவேண்டும். நாளைக்குத் தெருவில் ஒரு சச்சரவு என்றால், அவன் இவனைப் பெயர் சொல்லி அழைப்பான். மாடிப்படியில் வேலையற்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் தேடிவரும் கும்பலுக்கும் அங்கே ஆள் கிடைக்காது.

ஆகவே தாய்மார்களே, தந்தையரே! "சத்தம் போடாதே" என்று விரட்டுமுன், "எத்தனை மணிக்கு முடிப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஒன்பது மணி என்றால் ஒன்பதுக்கு முடிக்கச் சொல்லுங்கள். முதல் கச்சேரி உங்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாவிலேயே நடக்கட்டும். மேல் மாடிக்காரரையும் அழைக்க மறந்துவிடாதீர்கள்!