சீருடைக்குள்ளும் தொடரும் முகவரி

இராணுவ முகாமுக்குள் நடக்கும் கொலையைச் சுற்றி எடுக்கப்படும் துப்பறியும் படங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நகர்கின்றன: கொன்றவர் யார்? மாதவ் ராமதாசன் இயக்கி 2011இல் வெளிவந்த ‘மேல்விலாசம்’ என்னும் மலையாளப் படம் அதற்குத் தொடக்கத்திலேயே விடை தந்துவிடுகிறது. பார்த்திபன் ஏற்ற சிப்பாய், தம் அதிகாரியைச் சுட்டுக் கொன்றதை மறுக்கவில்லை, மௌனமாக நிற்கிறார். அவருக்காக வாதாடும் அதிகாரி (சுரேஷ் கோபி) ‘ஏன்’ என்று மட்டும் கேட்கிறார். இராணுவ நீதிமன்ற அறைக்குள்ளேயே நிகழும் அந்த விசாரணையில், பிறப்பின் பெயரால் அச்சிப்பாய் நாள்தோறும் சுமந்த இழிவு வெளிவருகிறது. சுவதேஷ் தீபக்கின் ‘கோர்ட் மார்ஷல்’ என்னும் இந்தி நாடகமே இதன் மூலம்.

காரணத்தை விசாரிப்பது கொலையை நியாயப்படுத்துவது ஆகாது. ஆனால் காரணம் கேட்கப்படாத விசாரணையில், இழிவுபடுத்தியவர் சாட்சியாக வந்து சாட்சியாகவே திரும்பிச் செல்வார். படம் தொடும் இடம் இதுதான்.

மேல்விலாசம் என்றால் முகவரி. நம் ஊர்களில் முகவரி கேட்பது ‘ஊரா, காலனியா’ என்று அறிவதற்கே. குறிஞ்சிப்பாடி, நெய்வேலி வட்டாரத்துக் காலனிகளிலிருந்து படைத்தேர்வுக்குச் செல்லும் இளைஞர், சீருடை அந்தக் கேள்வியை அழித்துவிடும் என்று நம்புகிறார். இராணுவத்தில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு இல்லை. ஆயினும் ஆள்சேர்ப்பில் சாதிச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. 2022இல் அக்னிபத் திட்டத்தையொட்டி இது சர்ச்சையானபோது, நெடுங்காலமாக உள்ள நடைமுறைதான் என்று ஒன்றிய அரசு விளக்கியது. வாசலில் சாதியைப் பதிவு செய்யும் அமைப்பு, உள்ளே நிகழும் குற்றத்திலும் அதைத் தேடுமா?

1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம், பிரிவு 125, ஒரு குற்றத்தைக் குற்றவியல் நீதிமன்றமும் இராணுவ நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்ற நிலையில், எங்கு விசாரிப்பது என்று முடிவெடுக்கும் உரிமையைப் படைத்தலைமை அதிகாரியிடம் அளிக்கிறது. குற்றம் சாட்டுவோரும் தீர்ப்பளிப்போரும் ஒரே அதிகாரப் படிநிலையில் நிற்கும்போது, ‘ஏன்’ என்ற கேள்வியைக் கேட்பவர் தனித்து நிற்க நேர்கிறது.

சீருடை அணிந்தோரின் நடுநிலையை நம் மாவட்டம் அறியும். 2003இல் புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகியும் முருகேசனும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். உள்ளூர்க் காவல்துறையைத் தாண்டி வழக்கு சி.பி.ஐ.யிடம் சென்ற பிறகே முழு உண்மை வெளிவந்தது. 2021இல் கடலூர் சிறப்பு நீதிமன்றம் தண்டித்தவர்களுள் இரு காவல் அதிகாரிகளும் இருந்தனர். தீர்ப்புக்கு 18 ஆண்டுகள் ஆயின. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வெளியாள் விசாரணையும் இல்லாதிருந்தால் அதுவும் இல்லை.

எனவே நம் கோரிக்கை எளியது. படைமுகாமில் தலித் வீரர் ஒருவர் கொன்றாலும், கொல்லப்பட்டாலும், தற்கொலை செய்துகொண்டாலும், சாதிய இழிவு காரணமா என்பதைக் கட்டாயம் ஆராய வேண்டும். அந்த ஆய்வு படைப்பிரிவுக்கு வெளியே உள்ளவர்களிடம் இருக்க வேண்டும். திரையில் அந்தக் கேள்வியைக் கேட்க மனச்சான்றுள்ள ஓர் அதிகாரி வாய்த்தார். முகாமில் அத்தகைய ஒருவர் வாய்ப்பாரா என்பதை நம்பி நம் பிள்ளைகளை அனுப்ப இயலாது. சட்டமே அதைக் கேட்க வேண்டும்.