வண்டிக்குச் சக்தி கூட்டுமுன் பாரத்தைக் கணக்குப் பாருங்கள்

"சார், பதினெட்டாயிரம் செலவு பண்ணுங்க. வண்டி யானை மாதிரி இழுக்கும். லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடவும் குடுக்கும்." கும்பகோணத்தில் ஒரு பட்டறைத் தம்பி என்னிடம் சொன்னது இது. என் டீசல் பிக்கப்பின் கம்ப்யூட்டர் பெட்டியில் 'ரீமேப்' போடுவதுதான் அந்த வைத்தியம். சுவாமிமலை பக்கம் இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே போட்டுவிட்டார்களாம். நம் நண்பர்களும் விசாரிக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்துப் பழகிய கை, முதலில் பேனாவைத்தான் எடுத்தது. வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். லிட்டருக்கு 11 கொடுப்பது 12 ஆனாலும் மிச்சம் 45 லிட்டர் டீசல், அதாவது நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். போட்ட பணம் திரும்ப நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். இப்படி ஒரு மனு என் மேஜைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்த ஒரு கிலோமீட்டரும் நிச்சயமில்லை. டீசல் இன்ஜினில் சக்தியைக் கூட்டுவது உள்ளே பீய்ச்சுகிற டீசல்தான். ரீமேப் செய்தால் டீசலும் டர்போவின் அழுத்தமும் கூடும். பாதத்தை லேசாக வைத்து ஓட்டினால் கொஞ்சம் மிச்சமாகலாம். ஆனால் சக்தி வேண்டும் என்று காசு கொடுத்தவன் எங்கே லேசாக மிதிக்கப் போகிறான்? கிளட்சும் கியர்பாக்ஸும் பழையதுதான், பிரேக்கும் அதேதான். பின்னால் பிரேக் இல்லாத டிரெய்லரைக் கோத்தால் அதன் பாரத்தையும் சேர்த்து நிறுத்துவது அதே பிரேக்குதான், இதை யாரும் யோசிப்பதில்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், சிறைகூட உண்டு. இன்சூரன்ஸ்காரர் சும்மா இருப்பாரா என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பிக்கப்பின் பின்னால் குதிரை வண்டியும் படகும் மாட்டி மலைச்சாலையில் இழுக்கிறார்கள். அவர்களுக்குச் சக்தி தேவைப்படலாம். நம் டெல்டாவில் ஏற்றம் என்றால் பாலமும் ஆற்றங்கரையும்தான்.

நான் செய்தது வேறு. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். அறுவடைத் தூசி அப்பியிருந்தது, மாற்றினேன். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திச் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்ததில் பின்பக்கம் ஒன்று மட்டும் கொதித்தது. பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. எத்தனை மாதமாகவோ! டயர் காற்றை, காலையில் வண்டி எடுக்குமுன், பாரத்துக்குக் கையேட்டில் போட்டிருக்கிற அளவுக்கு ஏற்றினேன். அதே கையேட்டில் 1,400 முதல் 2,200 சுற்றுக்குள்தான் முழு இழுவை என்று இருக்கிறது. ஆகவே இன்ஜினை உறுமவிடாமல் கியரை மாற்றப் பழகினேன். வைக்கோல் பாரம் எடையில்லாதது, ஆனால் உயரமானது. 60-இல் போனால் 45-ஐவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு காற்று எதிர்த்துத் தள்ளும். இந்த வேலைகளுக்கு ஆன செலவு மூவாயிரத்தைத் தாண்டவில்லை. பட்டறைத் தம்பி சொன்ன அந்த ஒரு கிலோமீட்டர் இதிலேயே வந்துவிட்டது.

இதையெல்லாம்விடப் பெரிய கணக்கு பாரத்தில் இருக்கிறது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறோம். எதை ஏற்றுகிறோம் என்று கேட்பதில்லை. பச்சைச் சாணியில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். காவிரிக்கரையில் இருந்துகொண்டு டீசல் செலவு பண்ணித் தண்ணீரை இழுத்திருக்கிறேன், இரண்டு கோடை! மக்கிய எருவிலும் தழைச்சத்து அரை சதவீதம்தான். ஒரு டன் அடித்தால் 5 கிலோ. வேப்பம் புண்ணாக்கில் அது 5 சதவீதம். பத்து நடையில் வருவது ஒரு நடையில் வந்துவிடும். எருவின் மற்ற நன்மைகளைப் புண்ணாக்கு தராது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை, ஸ்கூட்டரிலேயே கொண்டுவரலாம். 45 நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழுதால் எட்டுப் பத்து டன் தழை வயலிலேயே கிடக்கிறது. அதிலும் தண்ணீர்தான் அதிகம், ஆனால் அது வண்டியில் ஏறவில்லையே.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கோடையில் கீதாரிகள் ஆட்டுக்கிடையோடு நம் ஊர்ப்பக்கம் வருகிறார்கள். அந்த எரு நடந்தே வந்து வயலில் இறங்குகிறது. கூலி ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். போன கோடையில் என் மேலண்டை வயலில் கிடை போட்டதில் பன்னிரண்டு நடை எரு அடிப்பது மிச்சமாயிற்று. எந்த ரீமேப்பும் இதைத் தராது.

நம் இயக்கம் ஒன்று செய்யலாம். யார் வயலில் எப்போது கிடை வேண்டும், யாருடைய வைக்கோல் எங்கே போகிறது, எந்த வண்டி காலியாகத் திரும்புகிறது என்று ஊர்வாரியாக ஒரு நோட்டுப் போட வேண்டும். சுவாமிமலைக்கு நான் எழுதத் தயார். மேட்டூர் திறக்கிற ஜூன் 12-க்கு முன்னால் தொடங்கிவிட்டால் இந்த வருஷக் குறுவைக்கே உதவும்.