கண்பார்வை மங்குதலும் கால் செயலிழத்தலும்: நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகாவைச் சரியாகக் கண்டறிதல் ஏன் முக்கியம்?

திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்கினாலோ, இரு கால்களும் மரத்துப்போனாலோ, அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயாக இருக்கலாம் என்று உங்களிடம் கூறப்பட்டிருக்கக்கூடும். இதே அறிகுறிகளை உண்டாக்கும் மற்றோர் அரிய நோய் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா ஆகும். முதல் நோய்க்கு வழங்கப்படும் சில மருந்துகள் இரண்டாவது நோயைத் தீவிரப்படுத்தக்கூடியவை. எனவே, எந்த நோய் என்பதைத் தொடக்கத்திலேயே உறுதிசெய்வது மிகவும் அவசியமாகும்.

இந்நோய் எவ்வாறு உண்டாகிறது?

கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் திசுக்களையே தாக்குவது தன்னுடல் தாக்குநோய் எனப்படுகிறது. நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகாவில் பார்வை நரம்பும் தண்டுவடமும் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. 1894ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் டெவிக் இதனை விவரித்தார். எனினும், நெடுங்காலம் இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு வகையாகவே பலராலும் கருதப்பட்டது.

2004ஆம் ஆண்டில் நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு தனிப்பட்ட ஆன்டிபாடி கண்டறியப்பட்டது. அது அக்குவாபோரின்-4 என்னும் புரதத்தைத் தாக்குகிறது என்பது மறு ஆண்டில் தெரியவந்தது. அதன் பின்னரே, இரத்தப் பரிசோதனை மூலம் இந்நோயைப் பிரித்தறிய வழி பிறந்தது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• கண்ணை அசைக்கும்போது வலி. ஒரு கண்ணிலோ இரு கண்களிலுமோ பார்வை இழப்பு
• கை கால்களில் பலவீனம் அல்லது உணர்வின்மை. உடலைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோன்ற இறுக்கம். சிறுநீர், மலம் கழிப்பதில் சிரமம்
• வேறு காரணம் தென்படாமல் நாட்கணக்கில் நீடிக்கும் விக்கல், குமட்டல் அல்லது வாந்தி

மூன்றாவது அறிகுறி வயிற்றுக் கோளாறாக எண்ணப்படுவதுண்டு. முன்னர் இவ்வாறு ஏற்பட்டிருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் மறவாமல் தெரிவியுங்கள். இந்நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் பன்மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது.

பரிசோதனைகள்

எம்.ஆர்.ஐ. படத்தில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முள்ளெலும்புகளின் நீளத்திற்குத் தண்டுவடத்தில் அழற்சி தென்படுவது இந்நோயைச் சுட்டும் முக்கியக் குறியாகும். அக்குவாபோரின்-4 இரத்தப் பரிசோதனைக்குச் செல் சார்ந்த முறையே மிகவும் நம்பகமானது. இயன்றவரை ஸ்டீராய்டு தொடங்கும் முன் இரத்த மாதிரி எடுப்பது நன்று. ஆனால் முடிவுக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது. ஆன்டிபாடி இல்லை என்று முடிவு வந்தாலும் நோய் இல்லை என்று பொருளாகாது, மறுபரிசோதனை தேவைப்படலாம்.

மாக் என்னும் மற்றொரு ஆன்டிபாடியால் வரும் நோயும் இதைப் போன்றதே. அதனைக் கண்டறிவதற்கான பன்னாட்டு வரையறைகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின.

சிகிச்சையில் ஏற்பட்டுள்ள மாற்றங்கள்

இந்நோயில் ஊனம் பெரும்பாலும் ஒவ்வொரு தாக்குதலின்போதும் எஞ்சும் சேதத்தால் சேர்கிறது. ஆகவே, தாக்குதலின்போது சிரை வழி ஸ்டீராய்டும், தேவையெனில் பிளாஸ்மா மாற்றமும் விரைந்து அளிக்கப்படுகின்றன. அதன்பின் அடுத்த தாக்குதலைத் தடுப்பதே நோக்கமாகும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குரிய இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமாட், நடாலிசுமாப் ஆகியவை இந்நோயாளிகளுக்கு ஏற்றவை அல்ல.

இந்நோய்க்கென்றே முதல் மருந்தாக எக்குலிசுமாப் 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2020ஆம் ஆண்டில் இனெபிலிசுமாப், சாட்ராலிசுமாப் ஆகியவை சேர்ந்தன. இவற்றின் விலை மிக அதிகம் என்பதால், அசாத்தியோபிரின், மைக்கோபினோலேட், ரிட்டுக்சிமாப் ஆகியவை இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. ஜப்பானில் நடந்து 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ரிட்டுக்சிமாப் பெற்ற 19 பேரில் ஒருவருக்கும் நோய் மீளவில்லை. மருந்தற்ற ஊசி பெற்ற 19 பேரில் 7 பேருக்கு மீண்டது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• அக்குவாபோரின்-4 பரிசோதனை செய்யப்பட்டதா, எம்முறையில் செய்யப்பட்டது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
• எம்.ஆர்.ஐ. படங்கள், ஆய்வு முடிவுகள், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றைத் தேதி வாரியாகப் பாதுகாத்து வையுங்கள்.
• அறிகுறி இல்லை என்பதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.
• கருத்தரிக்க எண்ணினால் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறுங்கள். மைக்கோபினோலேட் கருவைப் பாதிக்கும்.
• பார்வையிலோ நடையிலோ புதிய மாற்றம் தோன்றினால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனையை அணுகுங்கள். நோயாளி தயங்கினாலும் பராமரிப்பவர் தயங்கலாகாது.