நெல்லின் குரோமோசோம்களும் அவற்றைக் காக்கும் புரதங்களும்

தஞ்சைத் தரணியிற் பிறந்து வளர்ந்தவர்க்கு நெல்லைப் பற்றிப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குறுவை இன்னது, சம்பா இன்னது, தாளடி இன்னது என்பதும், நாற்றுப் பறிக்கும் பதமும், நீர் கட்டும் முறையும் நம் மாணவர் பலர் பள்ளிக்கூடம் புகுமுன்னரே அறிந்த செய்திகள். ஆயினும், அந்நெல்லின் ஒரு மணிக்குள்ளே நடைபெறும் ஒழுங்கைக் குறித்து, தாவர நூல் பயின்று பட்டம் பெறுவோர்க்கும் தெளிவான அறிவு இருப்பது அரிது. குரோமோசோம் என்னும் பெயரைக் கற்கின்றனர், படம் வரைகின்றனர், தேர்வில் எழுதுகின்றனர். அக்குரோமோசோமைச் சுருட்டியும், பிணைத்தும், பிரித்தும், பேணியும் வருகின்ற புரதங்களோ பாடத்தில் இரண்டொரு வரியோடு கழிந்துவிடுகின்றன. இக்குறை நீங்கவேண்டும் என்பதும், நெல் விளையும் நாட்டில் இதனை நீக்குவது கல்லூரிகளின் கடமை என்பதும் எமது கருத்து. அதற்குரிய காரணங்களை இங்குக் கூறப் புகுகின்றோம்.

நெற்பயிரின் உடலணு ஒவ்வொன்றிலும் 24 குரோமோசோம்கள், அதாவது 12 இணைகள், உள்ளன. ஜப்பானியரான குவாதா என்னும் அறிஞர் 1910-ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கையை வெளியிட்டார். பின்னர்ப் பல நாட்டார் கூடி நெல்லின் மரபுத்தொகுதியை எழுத்தெழுத்தாகப் படித்து 2005-இல் முடித்தனர். அதில் 11-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்த பெருமை நம் நாட்டார்க்கு உரியது. ஒரு தொகுதியில் ஏறத்தாழ 39 கோடி எழுத்திணைகள் இருக்கக் கண்டனர். உடலணுவில் இரண்டு தொகுதிகள் உள. அவ்விரண்டிலுமுள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் சுமார் 26 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்று மிகுதியான நீளம், வரும். இவ்வளவும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு அகலமும் இல்லாத உட்கருவுக்குள் அடங்கியிருக்கின்றது. அடங்கியிருப்பது மட்டுமன்று, வேண்டிய இடத்தில் அவிழ்கின்றது, படிக்கப்படுகின்றது, இரண்டாகப் பெருகுகின்றது, சிக்கலின்றிப் பிரிகின்றது. இஃது எவ்வாறு கூடும்?

முதற்கண் ஹிஸ்டோன் என்னும் புரதங்களைச் சொல்லவேண்டும். இவற்றை 1884-இல் கண்டறிந்தவர் ஜெர்மானிய அறிஞர் கோசெல். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஓர் உருளையாக அமைய, அதன்மேல் சுமார் 147 எழுத்திணை நீளமுள்ள டி.என்.ஏ. ஏறத்தாழ ஒன்றேமுக்கால் சுற்றுச் சுற்றிக்கொள்கின்றது. இத்தகைய உருளைகள் இலட்சக்கணக்கில் மணிமாலைபோல் இழை நெடுகக் கோக்கப்பட்டிருக்கின்றன. இப்புரதங்கள் எத்துணைப் பழமையானவை என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். நான்காம் ஹிஸ்டோனில் 102 அமினோ அமிலங்கள் உள்ளன. மாட்டினுடையதையும் பட்டாணிச் செடியினுடையதையும் ஒப்பிட்டபோது இரண்டே இடங்களில் வேறுபாடு காணப்பட்டது. எருதும் பயிரும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வமைப்பு மாறவில்லை எனின், அதன் இன்றியமையாமையை வேறு எவ்வாறு விளக்குவது?

சுற்றிவைத்தால் மட்டும் போதாது, பேணவும் வேண்டும். நம் நாட்டில் ஆறும் வாய்க்காலும் வெட்டியதோடு முன்னோர் நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் ஊரார் கூடித் தூர் வாரி, கரை கட்டி, மதகு பார்த்து வந்தனர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். உயிரணுவுக்குள்ளும் அத்தகைய மராமத்து நாள்தோறும் நடைபெறுகின்றது. அதனைச் செய்யும் புரதங்களுள் தலையாயவை காண்டென்சின், கோஹெசின் என்னும் இரண்டு. காண்டென்சினை 1997-இல் ஹிரானோ என்னும் ஜப்பானிய அறிஞரும் அவருடன் உழைத்தோரும் தவளை முட்டைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தனர். இது டி.என்.ஏ. இழையைப் பிடித்துக் கண்ணி கண்ணியாக இழுத்து, அணு பிரியுங்காலத்தில் குரோமோசோமைத் தடித்துக் குறுகச் செய்கின்றது. ஒரே ஒரு காண்டென்சின் மூலக்கூறு இழையை இழுத்துக் கண்ணியாக்கும் செயலை 2018-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த டெல்ஃப்ட் நகரத்து ஆய்வாளர் நுண்ணோக்கியில் நேரே கண்டனர்.

கோஹெசினின் தொழில் வேறு. குரோமோசோம் இரட்டித்தவுடன் தோன்றும் உடன்பிறப்பு இழைகள் இரண்டையும் இது வளையம்போற் சூழ்ந்து பிணைத்து வைக்கின்றது. பிரியும் வேளை வந்ததும் செபரேஸ் என்னும் நொதி அவ்வளையத்தை வெட்ட, இழைகள் இருபுறமும் சமமாகச் செல்கின்றன. வேளைக்கு முன் வெட்டினாலும், வேளை வந்தும் வெட்டாவிடினும், புதிய அணுக்களுக்குக் குரோமோசோம்கள் கூடியும் குறைந்தும் போய்ச் சேரும். மகரந்தமும் சூலும் உண்டாகும் குன்றற் பகுப்பில் இக்கட்டுப்பாடு இன்னும் நுட்பமானது. அங்கே கோஹெசின் வளையத்தில் ரெக்-8 என்னும் தனி உறுப்புச் சேர்கின்றது. முதற் பகுப்பில் குரோமோசோமின் கைகளில் உள்ள வளையங்கள் மட்டும் வெட்டப்படுகின்றன. சென்ட்ரோமியர் என்னும் இடுப்பில் உள்ளவை இரண்டாம் பகுப்புவரை காக்கப்படுகின்றன. காப்பது சுகோஷின் என்னும் புரதம். 2004-இல் அதற்கு அப்பெயரிட்டவர் ஜப்பானிய அறிஞர். அவர்கள் மொழியில் அதற்குக் காவல் தெய்வம் என்பது பொருள்.

இவையெல்லாம் மேனாட்டு ஆய்வுக்கூடத்துச் செய்திகள், நமக்கும் இவற்றிற்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் இருக்கலாம். நம் நாட்டு வரலாறே அவர்க்கு விடை கூறும். கோயம்புத்தூரில் நெல் இனவிருத்தி நிலையம் 1912-இல் தொடங்கிற்று. அங்கு உழைத்த ராமய்யா அவர்கள், பார்த்தசாரதி, ராமானுஜம் ஆகியோருடன் சேர்ந்து, 12 குரோமோசோம்களே உடைய ஒரு நெற்செடியைப் பற்றி 1933-இல் எழுதினார்கள். இணையற்ற குரோமோசோம்களாதலின் அத்தகைய செடி மணி பிடிப்பதில்லை. அதே ராமய்யா அவர்களே பின்னர் 1946-இல் கட்டாக்கில் ஏற்பட்ட மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார்கள். சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாயிருந்த ஜானகி அம்மாள் அவர்கள், டார்லிங்டன் என்னும் ஆங்கிலேய அறிஞருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945-இல் வெளியிட்ட நூல் உலகறிந்தது. மிஷன் கல்லூரி ஒன்றில் பாடஞ் சொன்னவர் இத்துறையில் எய்திய உயரத்தை இவ்விதழ் படிக்கும் மாணவர் நினைவில் வைத்தல் நன்று. 1960-களில் தஞ்சை வயல்களிற் குறுவைக்குப் பரவிய ஆடுதுறை 27, ஜப்பானிய நோரின் 10-ஐயும் நம் ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து பெற்றதே. தூரத்து உறவான இரு நெற்களின் குரோமோசோம்கள் ஓரணுவில் இணங்கியிருந்தமையாலன்றோ அந்நெல் விளைந்தது?

அண்மைக் காலத்தில் வந்த இரண்டு செய்திகள் இன்னும் கருதத்தக்கவை. சென்ட்ரோமியரில் ஹிஸ்டோன் வகையைச் சார்ந்த சென்-எச்-3 என்னும் புரதம் தங்கி, பிரிக்கும் கயிறுகள் பற்றவேண்டிய இடத்தைக் குறிக்கின்றது. கலிபோர்னியா மாகாணத்து டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மருதாசலம் ரவி என்பாரும் சைமன் சான் என்பாரும், ஒரு சிறு களைச்செடியில் இப்புரதத்தை மாற்றி இயல்பான செடியோடு கலந்தபோது, மாற்றப்பட்டதன் குரோமோசோம்கள் கழிந்துபோய், ஒற்றைத் தொகுதியுள்ள செடிகள் தோன்றுவதை 2010-இல் காட்டினர். 1933-இல் கோயம்புத்தூரார் தற்செயலாய்க் கண்டதனை வேண்டும்போது பெறும் வழி ஒரு புரதத்தின் அறிவால் திறந்தது.

மற்றொன்று நம் உழவரை நேரே தொடுவது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கும் பயிராதலின், சாதாரண ரகத்தின் விதையை உழவர் எடுத்துவைத்து மறுபோகத்தில் விதைக்கலாம். வீரிய ஒட்டு நெல்லிலோ அவ்வாறு இயலாது. குன்றற் பகுப்பில் பெற்றோரின் குரோமோசோம்கள் பகுதி மாறிக் கலந்துவிடுவதால் மறு தலைமுறையின் செடிகள் பலவாறு ஆகும். ஆண்டுதோறும் புது விதை வாங்கவேண்டும். டேவிஸ் நகரில் வெங்கடேசன் சுந்தரேசன் அவர்களின் ஆய்வுக்குழுவும், சீனத்து ஆய்வாளரும் 2019-இல் இதற்கு ஒரு மாற்று வழி கண்டனர். ரெக்-8 உள்ளிட்ட மூன்று மரபணுக்களை முடக்கவே, குன்றற் பகுப்பு நின்று சாதாரணப் பகுப்பே நிகழ்ந்து, 24 குரோமோசோம்களும் கலப்பின்றிச் சூலுக்குச் சென்றன. அச்சூல் கருவுறாமலே வளருமாறும் செய்தபோது, தாயை முற்றும் ஒத்த விதை கிடைத்தது. முதலில் சிறு பங்கே அவ்வாறு வந்தது. 2022-இல் வெளிவந்த ஆய்வொன்றில் நூற்றுக்கு 95-க்கு மேல் வந்தது. ஒட்டு நெல்லின் விதையையும் உழவர் தம் குதிரில் வைத்துக்கொள்ளும் காலம் வரக்கூடும் என்பது இதன் பொருள்.

அக்காலம் நன்மையாய் முடியுமா, தீமையாய் முடியுமா? இங்கேதான் நம் கருத்தைத் துணிந்து கூறவேண்டியிருக்கின்றது. நன்மையும் உண்டு, அச்சமும் உண்டு. தம் விளைச்சலிலிருந்து விதை எடுத்துவைக்கவும், விதைக்கவும், பிறர்க்குக் கொடுக்கவும் உழவர்க்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கின்றது. தாயை ஒத்த ஒட்டு விதை வரின் அவ்வுரிமை அதற்கும் செல்லுமாறு செய்தல் வேண்டும். இல்லையேல் புரதத்தின் அறிவு உழவர்க்குப் பயன்படாமல் ஒருசிலர் கைப்பொருளாய் ஒழியும். அன்றியும், வயல் முழுதும் ஒரே அச்சாய் நிற்கும்போது ஒரு நோய்க்கு ஒன்று வீழ்ந்தால் அனைத்தும் வீழும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் முதலிய பலவகை நெற்கள் தோன்றியதற்குக் குன்றற் பகுப்பின் கலப்பே பெருங்காரணம். திருத்துறைப்பூண்டிப் பகுதியில் உழைத்து 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் அவர்கள், 2 கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டில் 4 கிலோவாகத் திருப்பித்தரும் ஏற்பாட்டினால் அந்நெற்களை மீட்டார்கள். அப்பணியைக் கைவிட்டுப் புதியதை மட்டும் பற்றுதல் அறிவுடைமையாகாது. புதியதைக் கண்டவுடன் பழித்தலும் அவ்வாறே. இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதற்கு வேண்டுவது குரோமோசோமின் நடையறிந்த மக்கள்.

காவிரியில் நீர் வருமா என்று உழவர் கலங்கும் நாட்டில் நுண்ணோக்கிக் கல்வி எதற்கு என்பாரும் உளர். நீர் முதன்மையானது என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின் நீர் வந்தபின் விதைப்பது எது, அது யாருடையது என்னும் கேள்விகள் அப்பொழுதும் நிற்கும். அவற்றிற்கு வேறெவரோ விடை எழுதும்வரை நாம் காத்திருத்தல் தகாது.

ஆதலின் மூன்று செயல்களை வேண்டுகின்றோம். முதலாவது, தாவர நூல், விலங்கு நூல் வகுப்புகளில் குரோமோசோமைக் கற்பிக்கும்போதே ஹிஸ்டோன், கோஹெசின், காண்டென்சின் ஆகியவற்றின் தொழிலையும் கற்பித்தல். இரண்டாவது, வெங்காய வேர் நுனியோடு நில்லாமல் நெல் வேர் நுனியையும் மாணவர் சாயமேற்றிக் காணுதல். வெங்காயத்தின் குரோமோசோம்கள் 16. பெரியன, எளிதிற் புலப்படுவன. நெல்லினுடையவை மிகச் சிறியன, பொறுமை வேண்டும். முன்னதில் கைப்பழக்கம் பெற்றுப் பின்னதற்குச் செல்லின் இயலாததன்று. மூன்றாவது, ஆடுதுறை நிலையத்தார் போன்ற அறிஞரை அழைத்து, சுற்றுக் கிராமத்து உழவரும் அமர்ந்து கேட்டு வினவத்தக்க தமிழ்ச் சொற்பொழிவுகள் நடத்துதல். தமிழிற் சொல்ல முயலும்போதுதான் நமக்கே எது விளங்கியது, எது விளங்கவில்லை என்பது புலனாகும்.

மாணவ நண்பர்களே, வாய்க்கால் வெட்டியவர் பெயரினும் அதனைப் பேணிய ஊரார் உழைப்பே இந்நாட்டைச் சோறுடைத்தாக்கிற்று. நெல்மணிக்குள்ளும் அவ்வாறு பேணும் உழைப்பு ஒன்று ஓய்வின்றி நடக்கின்றது. அதனை அறிதல் உங்கட்கு எளிது. அறிந்ததை வயலில் நிற்கும் உங்கள் தந்தையர்க்கும் அண்டை வீட்டார்க்கும் எடுத்துரைத்தல் உங்கட்கே இயலும். வரும் ஆண்டிலேனும் அப்பணி தொடங்குக.