கீழே நின்று தாங்கியவர்

சான் பிரான்சிஸ்கோவின் சைக்கடெலிக் ராக் என்றதும் கிதார்காரர்களையே எல்லோரும் புகழ்கிறார்கள். நான் டேவிட் ஃப்ரைபெர்க்கைச் சொல்வேன். 1960களின் தொடக்கத்தில் காபிக் கடைகளில் நாட்டுப்புறப் பாடல்கள் பாடித் திரிந்தவர், குவிக்சில்வர் மெசஞ்சர் சர்வீஸ் குழுவில் பேஸ் கிதாரை எடுத்தார். 1969இல் வந்த ‘ஹேப்பி டிரெயில்ஸ்’ இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க போ டிட்லியின் ஒரே பாட்டுதான். ஏறத்தாழ 25 நிமிடம். குழுவின் கிதார்காரர் ஜான் சிப்போலினாவின் கிதார் எங்கெங்கோ அலைகிறது. அப்படி அலைய முடிவதே, கீழே ஃப்ரைபெர்க் பிடியை விடாததால்தான். சேர்ந்து பாடிப் பழகியவர் அல்லவா, அடுத்தவருக்கு இடம்விடத் தெரிந்திருக்கிறது. பின்னர் ஜெஃபர்சன் ஸ்டார்ஷிப் குழுவுக்குப் போனார், 1979இல் வெற்றிபெற்ற ‘ஜேன்’ பாடலை எழுதியவர்களில் இவரும் ஒருவர். என் கணக்கில் அந்த 25 நிமிடமே அவருடைய உச்சம்.